ஒரு துளி இரத்தமும் ‘துரோகம்’ என்ற சொல்லும்

1850களில் ஃபிரான்சிஸ் ஆர்பென் மாரிஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் பிரிட்டனின் பறவைகளைப் பற்றிப் பல தொகுதிகளாக ஒரு நூல் எழுதினார். அதில் டன்னக் என்ற சிறு பறவையைத் தம் வாசகர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார். பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். புதரடியில் ஒதுங்கி நகரும் நடை. பகட்டில்லாத தோற்றம், அடக்கம். மனிதர்களும் இதைப் பார்த்து வாழப் பழகலாம் என்பது அவர் எண்ணம். அந்த வருணனையைப் படித்தபோது, பெண்பிள்ளைகளுக்கு நம் வீடுகளில் சொல்லப்படும் அறிவுரைதான் காதில் கேட்டது. அடங்கி இரு, கண்ணில் படாமல் இரு, கிடைத்ததைக் கொண்டு திருப்தியாக இரு.

ஏறத்தாழ 130 ஆண்டுகள் கழித்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்காவில் நிக் டேவிஸ் என்ற ஆய்வாளர் அதே டன்னக்குகளின் கால்களில் வண்ண வளையங்கள் மாட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் கண்டு கவனித்தார். ஒரு பெண் இரண்டு ஆண்களோடு வாழ்வது அங்கே அரிதாக இல்லை. மூத்த ஆண் அவளை விடாமல் பின்தொடர்ந்து காவல் காக்கிறான். அவள் புதருக்குள் நழுவிச் சென்று, இளைய ஆணைத் தானே தேடி அழைக்கிறாள். இணைவதற்கு முன் ஆண் அவளுடைய கழிவுத்துளையைக் கொத்துகிறான். அவள் ஒரு துளியை வெளியேற்றுகிறாள், முன்பு இணைந்தவனின் விந்து அதில் இருக்கிறது. 1983இல் இது பதிவாகிவிட்டது. பாதிரியார் பார்த்த அதே புதர்தான். அடக்கம் என்று அவர் பெயரிட்டது, ஒருவர் கண்ணிலும் படாமல் தன் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும் சாமர்த்தியமாகவும் இருந்திருக்கிறது.

ஆனால் புதருக்குள் யார் யாரோடு இணைந்தார்கள் என்று தொலைநோக்கியால் பார்ப்பதற்கும், கூட்டிலிருக்கும் குஞ்சு யாருடையது என்று அறிவதற்கும் இடையே பெரிய தூரம் இருந்தது. அதைக் கடந்தது ஒரு துளி இரத்தம். 1989இல் டெர்ரி பர்க்கும் டேவிஸும் இன்னும் இருவரும் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை, டி.என்.ஏ. கைரேகை முறையால் டன்னக் குஞ்சுகளின் தந்தையரை அடையாளம் கண்டது. ஒரே கூட்டில் இரு தந்தையரின் குஞ்சுகள் இருந்தன. எந்தக் குஞ்சு தன்னுடையது என்று ஆண்களுக்குத் தெரியவில்லை. பெண்ணோடு இணையும் வாய்ப்பு எந்த அளவுக்குக் கிடைத்ததோ, அந்த அளவுக்கு ஒவ்வொருவனும் இரை கொண்டுவந்து ஊட்டினான். இரண்டு ஆண்களுக்கும் நம்பிக்கை கொடுத்த பெண்ணின் குஞ்சுகளுக்கு இரண்டு பேர் உழைப்பு கிடைத்தது.

நான் தமிழ் படித்தவள். ஆய்வகத்தில் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த வேலை பிரதிகளை வாசிப்பது. அறிவியல் கட்டுரைகளும் பிரதிகள்தான் என்பதால், மூலக்கூறு சூழலியல் என்று பெயர்பெற்ற துறையின் சில கட்டுரைகளைக் கவிதையை வாசிக்கும் கவனத்தோடு வாசித்தேன். இரத்தம் சொன்னது ஒன்று. அதை எழுதிய மொழி சொன்னது இன்னொன்று.

முதலில் முறை. 1984 செப்டம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் ஒரு எக்ஸ்ரே படலத்தைக் கழுவி எடுத்தபோது, கோடு கோடாக ஒரு வரிசை தெரிந்தது. மரபணுத் தொடரில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. எத்தனை முறை திரும்ப வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். நீளத்தை வைத்து அவற்றைப் பிரித்துப் படலத்தில் பதித்தால் கடைகளில் பொருள்மேல் ஒட்டியிருக்கும் பட்டைக்குறி போல ஒரு வடிவம் கிடைக்கும். பிள்ளையின் ஒவ்வொரு கோடும் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்திருக்க வேண்டும். தாயின் கோடுகளைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தால் தந்தை தெரிவான். பறவைகளில் இது இன்னும் எளிது. நம் சிவப்பணுக்களில் உட்கரு கிடையாது, அவற்றின் சிவப்பணுக்களில் உண்டு. இறக்கையின் அடியில் ஓடும் நரம்பிலிருந்து ஒரு துளி எடுத்தால் தேவைக்கு மேல் டி.என்.ஏ. கிடைத்துவிடும். 1987இல் சிட்டுக்குருவியில் இதைச் செய்து பார்த்தார்கள். பிறகு மாதிரியைப் பலகோடி மடங்கு பெருக்கிக்கொள்ளும் பி.சி.ஆர். வந்தது. உதிர்ந்த இறகும் எச்சமும்கூடப் போதும் என்றானது.

இந்தக் கருவி மனிதர்களிடையே முதன்முதலில் பயன்பட்ட வழக்கில் தேடப்பட்டவர் தந்தை அல்ல. 1985இல், கானாவிலிருந்து பிரிட்டனுக்குத் திரும்பிய ஒரு சிறுவன் தன் மகன்தான் என்று ஒரு புலம்பெயர்ந்த தாய் சொன்னதைக் குடியேற்ற அதிகாரிகள் நம்பவில்லை. அவளையும் அவளுடைய மற்றப் பிள்ளைகளையும் அவனோடு ஒப்பிட்டு, அவன் அவள் மகனே என்று ஜெஃப்ரிஸ் காட்டினார். பெற்றவள் வாய்ச்சொல் போதாமல், அவள் இரத்தம் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. கருவி பிறந்தவுடனேயே ஒரு பெண்ணின் சொல்லோடு உரசித்தான் தன் வேலையைத் தொடங்கியிருக்கிறது.

பறவைகளுக்கு வருவோம். 1968இல் டேவிட் லாக் என்ற பெரிய பறவையியலாளர், பறவைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் ஒருதுணை மணம் கொண்டவை என்று எழுதினார். அவர் பார்த்ததில் பிழை இல்லை. ஒரு கூட்டில் இரண்டு பறவைகள் சேர்ந்து ஊட்டுகின்றன, சேர்ந்து காக்கின்றன. பார்த்ததற்கு அவர் இட்ட பெயரில்தான் திருமணம் நுழைந்துவிட்டது. 2002இல் சைமன் கிரிஃபித்தும் இருவரும் அதுவரை வந்த மரபணு ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஆய்வுக்குள்ளான இனங்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தில் கூட்டின் ஆணுக்குப் பிறக்காத குஞ்சுகள் இருந்தன. ஒருதுணை என்று கருதப்பட்ட பறவைகளில் சராசரியாக, பத்தில் ஒரு குஞ்சுக்கும் மேல் வெளி ஆணுடையது. அதே 90 இரண்டு இடத்திலும் வருவது தற்செயல்தான், ஆனாலும் கவிஞருக்குக் கண்ணில் படாமல் போகாது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பத்தில் ஒன்று வெளியே என்றால், பத்தில் ஏறக்குறைய ஒன்பது கூட்டுக்குள்ளேயே.

இந்த எண்கள் வருவதற்கு முன்பே தடயங்கள் இருந்தன. 1975இல் அமெரிக்காவில், பயிரை அழிக்கும் ஒரு கரும்பறவை இனத்தைக் கட்டுப்படுத்த முடியுமா என்று பார்ப்பதற்காக ஆண்களுக்குக் கருத்தடை அறுவை செய்து விட்டார்கள். அந்த ஆண்களின் எல்லைக்குள் பெண்கள் இட்ட முட்டைகளில் பெரும்பகுதி பொரித்தன. நம் ஊரில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே பெண்ணைத்தான் மேசையில் கிடத்துவார்கள். அங்கே ஆண் பறவையைக் கிடத்தினார்கள், கணக்கில் பெண் பறவையைச் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

அடுத்து வந்தவர் பட்ரீஷியா அடேர் கவாட்டி. அமெரிக்காவின் தென் கரோலைனாவில் நீலப்பறவைகளை ஆராய்ந்தவர். அமெரிக்கர்களுக்கு நீலப்பறவை என்றால் குடும்ப மகிழ்ச்சி, வாழ்த்து அட்டைகளில் ஜோடியாக உட்கார்ந்திருக்கும் பறவை. டி.என்.ஏ. கைரேகை கண்டுபிடிக்கப்படும் முன்பே, புரத வகைகளைப் பிரித்துப் பார்க்கும் பழைய மூலக்கூறு முறையைக் கொண்டு, அவரும் உடன் ஆய்வாளர் ஒருவரும் 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே கூட்டில் வேறு தந்தையின் குஞ்சுகள் இருந்தன. வேறு தாயின் குஞ்சுகளும் இருந்தன. சக ஆண் ஆய்வாளர்களின் முதல் எதிர்வினை என்னவாக இருந்தது என்று கவாட்டி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தப் பெண் பறவைகள் வன்புணர்வுக்கு உள்ளாகியிருக்க வேண்டும் என்றார்களாம்.

இந்த எதிர்வினையில் நான் வெகுநேரம் நின்றேன். பெண் தானாகப் போயிருப்பாள் என்று நினைக்க முடியாத இடத்தில், அவள்மேல் வன்முறை நடந்திருக்கும் என்று நினைப்பது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கிறது. நம் ஊரில் இதன் தலைகீழ் வடிவம் வழக்கத்தில் உண்டு. உண்மையிலேயே வன்முறைக்கு உள்ளானவளைப் பார்த்து, அவளே போயிருப்பாள் என்பார்கள். இரண்டு ஊரிலும் பேசுபவர் பெண்ணைக் கேட்காமலே அவள் மனத்தை எழுதிவிடுகிறார்.

பறவைகளுக்குள்ளும் வலுக்கட்டாயம் உண்டு, குறிப்பாக வாத்துகளில். பெண் பறவையின் எதிர்ப்பைப் பற்றிப் பின்னர் மிக விரிவாக எழுதியவரும் கவாட்டிதான். ஆனால் 1982இலேயே ‘அனிமல் பிஹேவியர்’ இதழில் அவர் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று இருக்கிறது. விலங்குகளின் இனப்பெருக்க நடத்தைக்கு மனிதர்களின் பாலியல் சொற்களைச் சூட்டுவதைப் பற்றியது அது. இத்தகைய சொற்கள் உணர்ச்சியைக் கிளறுகின்றன, அதே வேளையில் வெறும் துறைச்சொல் போலவும் நடிக்கின்றன என்பது அவர் வாதம். ஓர் ஆய்வகப் பெண் எழுதிய இந்தக் குறிப்பை என் இலக்கியத் திறனாய்வு வகுப்பில் பாடமாக வைக்கலாம் என்று தோன்றுகிறது.

அந்தச் சொற்களைப் பாருங்கள். மனைவி வேறொருவனுக்குப் பெற்ற பிள்ளையை அறியாமல் வளர்க்கும் கணவனை ஏளனம் செய்ய ஆங்கிலத்தில் ‘கக்கோல்ட்’ என்று ஒரு சொல் உண்டு. குயிலின் பெயரிலிருந்து பிறந்தது. பறவை அறிவியல் அந்த வசையைக் கலைச்சொல்லாக எடுத்துக்கொண்டது. இன்னும் அடக்கமான தொடர் ‘தந்தைமை இழப்பு’. அட்டவணைகளில் இந்த ஆண் இத்தனை இழந்தான், அந்த ஆண் இத்தனை பெற்றான் என்று கணக்கு வரும். பங்குச்சந்தைப் பக்கம் போல இருக்கும். முட்டையிட்டவள் இழந்தாளா பெற்றாளா என்பதற்கு அந்த அட்டவணையில் நிரல் இல்லை. பிறகு, பேச்சு சற்றுத் தெளிந்தபோது, ஒருதுணை மணத்தை இரண்டாகப் பிரித்தார்கள். கூட்டைப் பகிர்வது சமூக ஒருதுணை. குஞ்சு இருவருக்கும் பிறந்திருந்தால் மரபணு ஒருதுணை. இது உண்மையிலேயே நல்ல பிரிப்பு. சேர்ந்து வாழ்வதும் சேர்ந்து பெறுவதும் ஒன்றல்ல என்பதை ஒரு துறை தன் சொல்லகராதியில் ஏற்றுக்கொண்டது.

ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் தேசியத் தாவரவியல் பூங்காவில் ஃபேரி ரென் என்ற சிறு பறவையைப் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். ஆண் இனப்பெருக்கக் காலத்தில் பளிச்சென்ற நீலம். பெண் பழுப்பு. குடும்பமாக வாழும், பிறக்கும் ஆண்கள் சிலர் வீட்டோடு தங்கி அடுத்த ஈட்டுக் குஞ்சுகளை வளர்க்க உதவுவார்கள். கூட்டுக் குடும்பத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1994இல் வந்த மரபணு ஆய்வு, குஞ்சுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அந்தக் குடும்பத்துக்கு வெளியே உள்ள ஆண்களுக்குப் பிறந்தவை என்றது. பூங்காவில் இத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருந்தும் அது எப்போது நடக்கிறது என்று பிடிபடவில்லை. பெண்கள்மேல் நுண்ணிய ரேடியோ கருவிகளைப் பொருத்தினார்கள். விடை கிடைத்தது. முட்டையிடுவதற்குச் சில நாள் முன்பு, இருட்டு விலகும் முன், அவள் கூட்டை விட்டுக் கிளம்பி, இடையில் உள்ள பல எல்லைகளைத் தாண்டி, முன்பே தீர்மானித்த ஓர் ஆணிடம் நேராகப் போய்விட்டுத் திரும்பிவிடுகிறாள்.

2000இல் மைக்கேல் டபுளும் ஆண்ட்ரூ காக்பர்னும் எழுதிய அந்தக் கட்டுரையின் தலைப்பைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: ‘விடியலுக்கு முந்தைய துரோகம்: ஃபேரி ரென்களில் இணைக்கு வெளியிலான சேர்க்கையைப் பெண்களே தீர்மானிக்கிறார்கள்’. முக்காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பது அறிவியல். பெண் தீர்மானிக்கிறாள் என்ற அரிய கண்டுபிடிப்பு அங்கே இருக்கிறது. முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது கணவனின் குரல். எந்த வாக்குறுதியும் கொடுக்காத ஒரு பறவை எதற்குத் துரோகம் செய்தது? தலைப்பு வாசகரை இழுக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும், நானும் தலைப்பு வைப்பவள்தான். ஆனால் எந்தச் சொல் தூண்டிலாக வேலை செய்கிறது என்பதைப் பார்த்தாலே குளத்தில் என்ன மீன் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இந்த ஆய்வை முதுகலை வகுப்பில் ஒருமுறை சொன்னேன். அகப்பாடல்களின் கருப்பொருள் பற்றிய பாடம். அன்றில் வந்தது. பனைமரத்தில் கூடு கட்டும், இணை பிரியாத, பிரிந்தால் வாழாத அன்றில், இரவில் அது குரல் எழுப்பும்போது தனித்திருக்கும் தலைவிக்கு நோய் மிகும். அந்தப் பறவை அரிவாள்மூக்கன் இனமாக இருக்கலாம் என்று பறவைகளை அறிந்த தமிழறிஞர்கள் சொல்வதுண்டு. அதே குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்க வெள்ளை அரிவாள்மூக்கனில் இணைக்கு வெளியே சேர்வது வழக்கமாக நடப்பதை 1987இலேயே பதிவு செய்திருக்கிறார்கள் என்றேன். அதைத் தொடர்ந்து ஃபேரி ரென் கதையையும் சொன்னேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி கேட்டாள்: “அப்போ அதுக்குக் கள்ளக்காதல் இருக்குன்னு சொல்றாங்களா அம்மா?”

வகுப்பு சிரித்தது. நாளிதழ்களின் மூன்றாம் பக்கத்திலிருந்து வந்த சொல் அது. அவள்மேல் குற்றம் இல்லை, தமிழில் வேறு சொல்லை யார் அவளுக்குக் கொடுத்தார்கள்? ஆனால் அதே அறையில், அதே பாடப்புத்தகத்தில், களவு என்ற சொல் இருந்தது. தொல்காப்பியம் அன்பின் ஒழுக்கத்தைக் களவு, கற்பு என்று இரண்டாக வகுக்கிறது. களவு என்பது ஒருவருக்கும் தெரியாமல் இருவர் கொள்ளும் காதல். இலக்கணம் அதற்கு மதிப்பான இடம் கொடுத்து, ஓர் இயலே ஒதுக்கியிருக்கிறது. ஒருவருக்கும் தெரியாமல் என்ற அதே பொருளை அடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சொல்லின் உறவுச்சொல் இன்று ‘கள்ளக்காதலனுடன் மனைவி ஓட்டம்’ என்ற தலைப்பில் வந்து நிற்கிறது. கற்போ பெண்ணின் உடலுக்குள் சுருங்கிவிட்டது. பெரியார் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலைக் கற்பு பற்றிய கட்டுரையோடு தொடங்கியது காரணமில்லாமல் இல்லை. மருதத் திணையில் தலைவன் பரத்தையிடம் போய்விட்டு வருகிறான். அதற்கு நம் மரபு வைத்த பெயர் ‘பரத்தையிற் பிரிவு’. பிரிவு, துரோகம் அல்ல.

சரி, இந்தக் கண்டுபிடிப்புகளுக்கு முன் பெண் விலங்கைப் பற்றிய அறிவியல் எண்ணம் எங்கிருந்து வந்தது? டார்வின் 1871இல், மிக அரிய விதிவிலக்குகள் தவிர, பெண்ணுக்கு வேட்கை குறைவு என்று எழுதினார். அதற்குச் சோதனைச் சான்று என்று எழுபது ஆண்டுகளாக மேற்கோள் காட்டப்படுவது ஏ.ஜே. பேட்மன் 1948இல் வெளியிட்ட பழ ஈ ஆய்வு. எத்தனை பெண்களோடு சேர்கிறதோ அத்தனைக்கு ஆணின் சந்ததி பெருகும், பெண்ணுக்கு ஒன்றிரண்டு ஆண் போதும் என்பது அதன் சாரம். அப்போது டி.என்.ஏ. முறைகள் கிடையாது. அதனால் கண்ணுக்குத் தெரியும் மரபுக் குறைபாடு ஒவ்வொன்றை ஒவ்வோர் ஈயிலும் அடையாளமாக வைத்தார். சுருண்ட இறக்கை, மாறிய கண் என்று. குழந்தை ஈயில் எந்தக் குறி இருக்கிறதோ, அதை வைத்துப் பெற்றோரைக் கண்டுபிடிப்பது. அவர் காலத்துக்கு அபாரமான யோசனை.

2012இல் கவாட்டியும் இரு சக ஆய்வாளர்களும் அதே ஆய்வை அதே வகை ஈக்களோடு திரும்பச் செய்தார்கள். தாயின் குறையும் தந்தையின் குறையும் ஒருசேர வாய்த்த ஈக்களில் பல வளரும் முன்பே செத்துப்போயின. பெற்றோர் இருவரையும் தெளிவாகக் காட்டக்கூடிய பிள்ளைகள் அவைதான். மிஞ்சியவற்றை மட்டும் எண்ணினால் கணக்கு சாய்கிறது. பேட்மனின் கணக்கில், தாய்கள் பெற்றதைவிடத் தந்தையர் அதிகம் பெற்றிருந்தார்கள். ஒவ்வோர் ஈக்கும் ஒரு தாய், ஒரு தந்தை. இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை ஒன்றாகத்தானே வர வேண்டும்? தாயில்லாமல் பிறந்த பிள்ளைகள் ஓர் அட்டவணையில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்திருக்கின்றன. பாடநூல்கள் எழுதப்பட்டன, மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன, அந்தத் தாய்களைத் தேடி ஒருவரும் பெரிதாகக் கிளம்பவில்லை. அந்த ஒற்றை ஆய்வு உடைந்ததால் கோட்பாடே உடைந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். 2016இல் பல உயிரினங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு டார்வினின் பக்கமே சாய்ந்தது. அது தன் சான்றோடு நிற்கட்டும், எதிர்க்க வேண்டியவர்கள் சான்றோடு எதிர்க்கட்டும். நான் கேட்பது, நமக்குப் பிடித்த முடிவைத் தந்த கணக்கை ஏன் நாம் கூட்டிப் பார்ப்பதே இல்லை என்பதை.

இதே கேள்வி நம் பக்கமும் திரும்பும். பெண்ணியத் தோழிகள் சிலர் ஃபேரி ரென்னைக் கொடியில் வரைந்துவிடத் துடிப்பதைப் பார்க்கிறேன். பெண் பறவை ஏன் வெளியே போகிறாள் என்பதற்கு ஆய்வாளர்கள் ஒரே பதிலுக்கு வந்துவிடவில்லை. நெருங்கிய இரத்த உறவைத் தவிர்க்க என்கிறார்கள், நல்ல மரபணுவுக்கு என்கிறார்கள், முட்டை வீணாகாமலிருக்க என்கிறார்கள். 2011இல் ஜெர்மனியில் வூல்ஃப்காங் ஃபோர்ஸ்ட்மையர் குழு, கூண்டில் வளர்த்த வரிக்குருவிகளின் பல தலைமுறைகளை ஆராய்ந்து வேறொன்று சொன்னது. பல ஆண்களை நாடும் இயல்பு பெண்ணுக்குப் பயன் தருவதால் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஆண்களுக்குப் பயன்படும் மரபணுவை மகள்களும் பெற்றுக்கொள்வதால் வந்த உடன்விளைவாக இருக்கலாம். அவள் வேட்கைகூட அப்பன் வீட்டுச் சீதனம்தானா என்று முதலில் எரிச்சல்பட்டேன். மறுவாசிப்பில், பொறுமையாகச் செய்த நேர்மையான ஆய்வு அது என்று தோன்றியது. எனக்கு எரிச்சலூட்டுவது ஒரு முடிவு தவறாக இருப்பதற்கான சான்று ஆகாது. மேலும், பறவையைக் காட்டிப் பெண்ணின் உரிமையை நிறுவத் தொடங்கினால், நாளை வேறு பறவையைக் காட்டி அதைப் பறிப்பவரிடம் என்ன பேச முடியும்? பாதிரியார் மாரிஸ் செய்ததும் அதைத்தானே.

கேட்காத கேள்விக்கும் கருவி பதில் சொல்லாது. ஹவாயின் ஓஹூ தீவில் அல்பட்ராஸ் பறவைகள் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். சில கூடுகளில் இரண்டு முட்டைகள் இருப்பதைப் பல பத்தாண்டுகளாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், ஜோடி என்றால் ஆணும் பெண்ணும்தான் என்று விட்டுவிட்டார்கள். லிண்ட்சே யங்கும் உடன் ஆய்வாளர்களும் டி.என்.ஏ. மூலம் பால் பார்த்தபோது, ஓர் இருப்பிடத்தில் ஜோடிகளில் 31 சதவீதம் பெண்ணும் பெண்ணும். 2008இல் அது வெளியானது. அவை முட்டையை மாறி மாறி அடைகாக்கின்றன, குஞ்சு வளர்க்கின்றன, ஆண்டுக்கணக்கில் சேர்ந்தே இருக்கின்றன.

பறவைகளின் இரத்தம் சோதித்த அதே முறைகள்தான் நம் குடும்ப நீதிமன்றங்களின் வாசலிலும் நிற்கின்றன. திருமண உறவு நிலவும்போது பிறந்த குழந்தையைக் கணவனின் குழந்தையாகவே சட்டம் கொள்ளும். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 112ஆம் பிரிவில் சொன்னது அது, இப்போதைய சட்டத்தில் 116ஆம் பிரிவாக இருக்கிறது. அந்தப் பிரிவைப் பழைமைவாதம் என்று இளம் வழக்கறிஞர்கள் சிலர் கேலி செய்வார்கள், அறிவியல் இருக்கும்போது ஊகம் எதற்கு என்பார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய 497ஆம் பிரிவை நீக்கிவிட்டாலும், விவாகரத்துக்கு அது இன்னும் ஒரு காரணம். எனவே மனைவியின் நடத்தையை நிரூபிக்கக் குழந்தையின் இரத்தத்தைக் கேட்டு மனு போடுகிறார்கள். 2023 பிப்ரவரியில் அப்படி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கீழ் நீதிமன்றங்கள் சோதனைக்கு அனுமதித்திருந்தன. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, பெற்றோரின் சண்டையில் குழந்தையின் மரபணுத் தகவலைச் சாட்சியமாக இழுக்கக் கூடாது, அதற்கும் அந்தரங்க உரிமை உண்டு என்றது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணிடம் அவள் கணவன் வீட்டார் சோதனைக்கு வருகிறாயா என்று கேட்டார்கள். நீதிமன்றத்தில் அல்ல, வீட்டுக் கூடத்தில், மாமியார் காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போது. குழந்தை நிறமாக இருந்ததுதான் காரணம். வருகிறேன் என்றாள். சோதனை நடக்கவே இல்லை. அவள் வருகிறேன் என்று சொன்ன வேகம் போதுமாக இருந்ததாம் அவர்களுக்கு. முடிவு என்னவென்று தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்கப்பட்ட கேள்வி அல்ல அது. கேட்க முடியும் என்று காட்டுவதற்காகக் கேட்டது.

இதே சோதனையால் மானம் மீண்ட பெண்களும் உண்டு, மறக்கவில்லை. கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லிக் கைவிட்டவன் பிள்ளை என்னுடையதில்லை என்று கைவிரிக்கும்போது, ஜீவனாம்சம் கேட்டுப் போராடுபவளுக்கு இந்தத் தாள்தான் துணை. யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்பதில் இருக்கிறது அத்தனையும். அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியில் கர்ப்பிணிகள் கடத்தப்பட்டார்கள், சிறையில் பிள்ளை பெற்றபின் கொல்லப்பட்டார்கள். அந்தக் குழந்தைகளை ராணுவத்தாரும் அவர்களுக்கு வேண்டியவர்களும் தங்கள் பிள்ளைகளாக வளர்த்தார்கள். பிளாசா தே மாயோ சதுக்கத்தின் பாட்டிகள் விஞ்ஞானிகளிடம் போய்க் கேட்டார்கள்: பெற்றவர்கள் உயிரோடு இல்லை, எங்கள் இரத்தத்தை வைத்துப் பேரக்குழந்தைகளைக் கண்டுபிடிக்க முடியுமா? அந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் மேரி-கிளேர் கிங் முக்கியமானவர். மனிதருக்கும் சிம்பன்சிக்கும் மரபணு அளவில் எவ்வளவு நெருக்கம் என்று 1975இல் ஆலன் வில்சனோடு சேர்ந்து காட்டிய அதே பரிணாம ஆய்வாளர். செல்லில் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதிக்குத் தனி டி.என்.ஏ. உண்டு. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குப் போகும். மகள் கொல்லப்பட்டிருந்தாலும் அவள் வயிற்றுப் பிள்ளையிடம் இருப்பது பாட்டியின் தொடர்தான். உயிரினங்களின் வம்சாவளி தேடப் பயன்பட்ட அந்தத் தாய்வழித் தொடரைக் கிங் பாட்டிகளின் வழக்கில் சாட்சியாக்கினார். இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரக்குழந்தைகள் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள்.

அண்மையில் படித்த ஒன்றை மாணவிகளிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த வகுப்பில் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியக் காண்டர் அழிவின் விளிம்புக்குப் போய்த் திரும்பிய பெரிய பிணந்தின்னிக் கழுகு. ஒவ்வொரு பறவைக்கும் எண் கொடுத்து, தாய் யார் தந்தை யார் என்று பதிவேடு வைத்து வளர்க்கிறார்கள். சான் டியேகோ விலங்குக்காட்சி அமைப்பின் ஆய்வகம் அந்தப் பதிவேட்டை டி.என்.ஏ.யோடு வழக்கம்போல ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இரண்டு ஆண் குஞ்சுகளுக்கு எந்த ஆணும் பொருந்தவில்லை. பதிவேட்டில் எழுதியிருந்த தந்தை பொருந்தவில்லை, மற்ற எந்த ஆணும் பொருந்தவில்லை. அவற்றிலிருந்த மரபணு முழுவதும் தாயிடமிருந்தே வந்திருந்தது. ஒன்று 2001இல் பொரித்தது, மற்றது 2009இல். இரண்டும் இறந்த பிறகு, 2021இல்தான் அது கட்டுரையாக வந்தது. அந்த இரண்டு தாய்களும் தனியாக அடைக்கப்பட்டிருக்கவில்லை. இருவர் கூண்டிலும் ஆண் துணை இருந்தது, அந்தத் துணைகளோடு சேர்ந்து வேறு பல குஞ்சுகளையும் அவை பெற்றிருந்தன.